முகம் காணாதவர்கள் கூடி எழுதும் நிரல்



2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், செவ்வாய்க் கோளின் தரையிலிருந்து ஒரு சிறு ஹெலிகாப்டர் எழும்பியது. அதன் பெயர் இன்ஜெனூட்டி. நிறை சுமார் 1.8 கிலோகிராம்தான். 3 மீட்டர் உயரம் சென்று, 39 வினாடிகள் பறந்து, பத்திரமாகத் தரையிறங்கியது. மனிதன் செய்த பொறி ஒன்று வேறொரு கோளில் தன் விசையால், கட்டுப்பாட்டுடன் பறந்தது அதுவே முதல் தடவை.

செவ்வாயிலிருந்து புறப்படும் வானொலி அலை பூமியை வந்தடையப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே பூமியில் அமர்ந்துகொண்டு யாரும் அதை ஓட்ட முடியாது. 39 வினாடிகளும் அதை ஓட்டியது அதனுள் இருந்த கணிப்பொறியே. அந்தக் கணிப்பொறி என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தது நிரல். அப்படியானால் அந்த நிரலை எழுதியவர் யார்?

அமெரிக்க நாசாவின் பொறியாளர்கள் என்று உடனே சொல்வீர்கள். அது பாதி விடைதான். அந்தக் கணிப்பொறியில் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பும், உலகெங்கும் பலர் கூடி எழுதிய வேறு பல பொது நிரல்களும் இருந்தன. அவற்றுக்குப் பங்களித்தவர்களைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 12,000 பேர் தேறினர். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தாம் எழுதிய வரி செவ்வாய்க்குப் போகப்போகிறது என்பதே தெரியாது!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இத்தனை பேர் சேர்ந்து எழுதியதை எப்படி நம்புவது? கூட்டம் கூடிச் சமைத்தால் குழம்பு கெடும் என்பார்கள். நிரல் மட்டும் ஏன் கெடவில்லை? இதற்கு விடை, பங்களிப்போர் பின்பற்றும் சில விதிகளில் இருக்கிறது. அவ்விதிகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

பத்தாயிரம் வரியில் பிறந்தது

லினக்ஸின் கதை 1991ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தம் கணிப்பொறிக்காக ஓர் இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார். நிரலுக்கும் கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயக்க அமைப்பு. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் அதை உலகுக்கு அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்றே அப்போது அவர் எண்ணினார். அடுத்த மாதம் வெளியான முதல் வடிவத்தில் இருந்தவை சுமார் 10,000 வரிகள்.

எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பி அனுப்பலாம் என்று அதைத் திறந்து வைத்ததுதான் பெரிய செய்தி. இன்று லினக்ஸின் உட்கருவில் 3 கோடி வரிகளுக்கு மேல் உள்ளன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுவது அதுதான். உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலை எடுத்தால், 2017ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அத்தனையிலும் லினக்ஸே இருக்கிறது.

9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு முறை இதன் புதிய வடிவம் வெளியாகிறது. ஒவ்வொன்றிலும் 10,000க்கு மேற்பட்ட திருத்தங்கள் சேருகின்றன. இந்தத் திருத்தங்களுக்கு ‘பேட்ச்’ என்று பெயர். நாம் ‘ஒட்டு’ என்று சொல்லலாம். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம் அல்லவா? அதே பொருள்தான். சட்டை முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. எந்த வரியை நீக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்னும் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும்.

ஒட்டை யாருக்கு அனுப்புவது? உட்கருவின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. எந்தப் பகுதிக்கு யார் என்னும் பட்டியல் நிரலுடனேயே இருக்கிறது. அவர் பார்த்து ஏற்றால் அது மேலே போகும். படிப்படியாகச் சென்று இறுதியில் டோர்வால்ட்ஸை அடையும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

முதல் விதி இது: ஓர் ஒட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும்.

இது உங்களுக்குப் புதிதன்று. செய்முறை வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்ற மாட்டோம். குண்டை மாற்றும்போது நீளத்தைத் தொட மாட்டோம். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. நிரலும் அப்படித்தான். ஒரு பிழையைத் திருத்தும்போதே, பக்கத்தில் இருந்த பத்து வரிகளை அழகுபடுத்தி, புதிய வசதி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், பார்ப்பவர் எதைச் சோதிப்பார்?

இவ்விதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள், பத்தே கேள்விகளில் கண்டுபிடிக்கிறேன்’ என்னும் விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். 500க்கு மேலா, கீழா என்று கேட்டால் பாதி கழிந்துவிடும். மீண்டும் பாதி, மீண்டும் பாதி. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024 ஆகிறது என்பதே இதன் இரகசியம்.

சென்ற வடிவத்தில் சரியாக ஓடிய ஒரு வசதி, புதிய வடிவத்தில் ஓடவில்லை என்று கொள்வோம். இடையில் சேர்ந்தவை 10,000 ஒட்டுகள். குற்றவாளி எது? நடுவில் உள்ள 5000ஆவது ஒட்டு வரை சேர்த்து ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓடினால் பிழை பின்பாதியில் உள்ளது. ஓடாவிட்டால் முன்பாதியில் உள்ளது. இவ்வாறு 14 சோதனைகளுக்குள் அந்த ஒரே ஓர் ஒட்டைப் பிடித்துவிடலாம். ஏனெனில் இரண்டைப் பதினான்கு முறை பெருக்கினால் 16,384. திருத்தங்களின் வரலாற்றைச் சேர்த்துவைக்க டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் எழுதத் தொடங்கிய ‘கிட்’ என்னும் கருவியில் இந்த இருசமக்கூறு முறை ஒரு கட்டளையாகவே இருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த ஒட்டோடு நிறுத்தினாலும் நிரல் ஓட வேண்டும். ‘இப்போது உடைத்துவிட்டேன், அடுத்த ஒட்டில் சரிசெய்கிறேன்’ என்று அனுப்பினால் சோதனை நடுவழியில் நின்றுவிடும். 3000 வரிகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினாலோ, ‘குற்றவாளி இந்த மூட்டைக்குள் இருக்கிறான்’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஏன் என்று சொல்லுங்கள்

இரண்டாம் விதி: மாற்றத்துடன் அதன் காரணத்தையும் எழுத வேண்டும்.

ஒட்டின் தலைப்பில், என்ன செய்யப்படுகிறது என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். அதுவும் ‘நான் இதை மாற்றினேன்’ என்றன்று, ‘இதை மாற்று’ என்று நிரலுக்கே ஆணையிடுவதுபோல் எழுத வேண்டும் என்பது லினக்ஸின் மரபு. அதன் கீழே இருந்த குறை என்ன, அதனால் யாருக்கு என்ன தொல்லை, இந்தத் திருத்தம் அதை எப்படித் தீர்க்கிறது என்பதை விளக்க வேண்டும். வேகம் கூடியது என்றால் எவ்வளவு கூடியது என்று அளந்து எண்ணில் தர வேண்டும்.

வரியைப் பார்த்தாலே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். என்ன மாறியது என்பது வரியிலேயே தெரியும். ஏன் மாறியது என்பது தெரியாது. பத்தாண்டு கழித்து வேறொருவர் அந்த வரியைப் பார்த்து, ‘இது தேவையற்றது போலிருக்கிறதே, எடுத்துவிடலாமா?’ என்று எண்ணும்போது, எழுதியவர் அருகில் இருக்க மாட்டார். அவர் எழுதிவைத்த காரணம் மட்டுமே இருக்கும். செய்முறைப் பதிவேட்டில் விடையை மட்டும் எழுதாமல் அட்டவணையையும் கணக்கையும் எழுதச் சொல்வது இதற்காகவே.

எழுதும் அமைப்புக்கும் விதிகள் உண்டு. எத்தனை இடம் உள்வாங்கி எழுத வேண்டும், அடைப்புக்குறி எங்கே வர வேண்டும் என்றெல்லாம் லினக்ஸ் சொல்கிறது. மூன்று அடுக்குகளுக்கு மேல் உள்வாங்க வேண்டிவந்தால், நிரலின் அமைப்பையே திருத்த வேண்டும் என்பதும் அதில் ஒன்று. இவை அழகுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. ஆயிரம் பேர் எழுதியது ஒருவர் எழுதியதுபோல் இருந்தால்தான் படிப்பவர் கண் பிழையின்மீது படும்.

மூன்றெழுத்தும் ஐந்நூறு எழுத்தும்

தமிழ் இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை என்று படித்திருப்பீர்கள். நிரலில் நேரும் பிழையையும் தமிழில் ‘வழு’ என்றே வழங்குகிறோம். ஒரு சிறு வழு எவ்வளவு பெரிய கேடு செய்யும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்ப ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொது நிரல் பயன்படுகிறது. இரண்டு கணிப்பொறிகள் பேசிக்கொண்டிருக்கும்போது, ‘இன்னும் இருக்கிறாயா?’ என்று ஒன்று மற்றொன்றைக் கேட்கும் வசதி ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. அதற்கு இதயத்துடிப்பு என்று பொருள்படும் பெயர். அது வேலை செய்த விதத்தை எளிதாகச் சொன்னால் இப்படி: ஒரு கணிப்பொறி, ‘மலர் என்னும் சொல்லைத் திருப்பிச் சொல், அதில் மூன்று எழுத்து’ என்று கேட்கும். மற்றது ‘மலர்’ என்று விடை தரும்.

யாரேனும் ஒருவர், ‘மலர் என்னும் சொல்லைத் திருப்பிச் சொல், அதில் ஐந்நூறு எழுத்து’ என்று கேட்டால்? வந்த சொல்லில் உண்மையிலேயே ஐந்நூறு எழுத்து உள்ளதா என்று அந்த நிரல் எண்ணிப் பார்க்கவில்லை! ‘மலர்’ என்பதையும், நினைவகத்தில் அதற்கடுத்து இருந்த 497 எழுத்துகளையும் சேர்த்து அனுப்பிவிட்டது. அந்த எழுத்துகளில் பிறருடைய கடவுச்சொல்லோ இரகசியத் திறவுகோலோ இருக்கக்கூடும். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை இப்படிக் கறக்க முடிந்தது.

இந்த வரிகள் நிரலில் சேர்ந்தது 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில். 2012 மார்ச்சில் உலகெங்கும் பரவின. வழு வெளிப்பட்டதோ 2014 ஏப்ரல் 7ஆம் நாள். ஹார்ட்பிளீட் என்னும் பெயரால் அது அறியப்படுகிறது. எழுதியவர் கெட்ட எண்ணத்துடன் எழுதவில்லை. சேர்க்குமுன் இன்னொருவர் பார்க்கவும் செய்தார். அவர் கண்ணிலும் படவில்லை. தீர்வு என்னவோ மிக எளியது: நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகள், அவ்வளவே.

ஆகவேதான், எழுதியவர் எவ்வளவு திறமைசாலியாயினும் பிறர் பார்க்காமல் நிரலில் சேர்க்கக் கூடாது என்பது அடுத்த விதி. ஒருவர் போதாது, பலர் பார்ப்பது நல்லது. லினக்ஸில் ஓர் ஒட்டின் கீழே, பிழையை அறிவித்தவர், ஓட்டிச் சோதித்தவர், படித்து ஒப்பியவர் என்று ஒவ்வொருவர் பெயரும் தனித்தனி வரியில் இடம்பெறும். அது நன்றியறிதலும் ஆகும், பொறுப்பேற்பும் ஆகும்.

கையொப்பம்

2004ஆம் ஆண்டிலிருந்து லினக்ஸுக்கு அனுப்பும் ஒவ்வோர் ஒட்டின் முடிவிலும், அனுப்புபவர் தம் பெயரிட்டுக் கையொப்ப வரி ஒன்றை எழுத வேண்டும். ‘இதை நானே எழுதினேன், அல்லது இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு’ என்பது அதன் பொருள். பிறர் உடைமையைத் தெரியாமல் சேர்த்துவிட்டுப் பின்னர் வழக்கில் மாட்டிக்கொள்ளாதிருக்க இந்த ஏற்பாடு.

இன்று நாம் கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்தினாலும் கையொப்பம் உங்களுடையதுதான். பார்ப்பவர், ‘இந்த வரி எதற்கு?’ என்று கேட்டால், ‘இயந்திரம் தந்தது’ என்பது விடையாகாது. உங்களால் விளக்க முடியாத வரியை அனுப்பாதீர்கள்.

குறை கேட்கும் பக்குவம்

ஒட்டை அனுப்பிவிட்டீர்கள். மறுநாளே பாராட்டு வரும் என்று எண்ணாதீர்கள். பராமரிப்பாளர்களுக்கு வேலை மிகுதி. குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்துப் பிறகுதான் நினைவூட்ட வேண்டும் என்று லினக்ஸின் வழிகாட்டி கூறுகிறது. பதில் வரும்போதும் பெரும்பாலும் குறைகளே வரும். ஒவ்வொரு குறைக்கும் விடை சொல்லி, திருத்தி, ‘இரண்டாம் வடிவம்’ என்று குறித்து மீண்டும் அனுப்ப வேண்டும். முன்னதிலிருந்து எது மாறியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மூன்றாம், நான்காம் வடிவம் வரை போவது அங்கே சாதாரணம்.

குறை உங்கள் நிரலைப் பற்றியது. உங்களைப் பற்றியதன்று. இதைக் கேட்பவர் மட்டுமல்லர், சொல்பவரும் நினைவில் வைக்க வேண்டும். டோர்வால்ட்ஸே பல ஆண்டுகள் மிகக் கடுமையான சொற்களால் பிறரைச் சாடியவர். 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே மாதம் லினக்ஸ் உட்கரு பங்களிப்பாளர்களுக்கென ஒரு நடத்தை நெறியும் ஏற்கப்பட்டது. வரியைக் கண்டிப்பாகச் சோதிக்கலாம். அதற்காக மனிதரைப் புண்படுத்த வேண்டியதில்லை.

அரை வினாடி

இத்தனை விதிகள் இருந்தால் ஏமாற்றவே முடியாதா? முடியும். 2024ஆம் ஆண்டில் அப்படி ஒன்று நடக்க இருந்தது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு பொது நிரல். அதற்கு ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவும் ஆனார். பிறகு, கணிப்பொறிகளுக்குள் இரகசியமாக நுழைய ஒரு கள்ள வழியை அதில் ஒளித்துவைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளியுலகுக்குத் தெரியாது. எல்லோரும் படிக்கும் நிரல் வரிகளில் அது வெளிப்படையாக இல்லை. சோதனைக்கென வைத்திருந்த, கண்ணால் படிக்க முடியாத கோப்புகளில் மறைந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர். அவர் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கவில்லை. வேறொரு நிரலின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலுள்ள கணிப்பொறியில் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. ஏன் என்று தோண்டினார். 2024 மார்ச் 29ஆம் நாள் உண்மையை வெளியிட்டார். கள்ள வழி உலகெங்கும் பரவுமுன் அடைக்கப்பட்டது.

இயற்பியல் படிப்பவர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். அளவீடு எதிர்பார்த்தபடி அமையாதபோது, அதை அழித்துவிட்டுப் புத்தகத்திலுள்ள எண்ணை எழுதுகிறவர் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டார். விதிகள் ஒரு மாற்றத்தைச் சோதிக்கத்தக்கதாக ஆக்கித் தருகின்றன. சோதிக்க வேண்டியவர் மனிதரே.

நீங்கள் எங்கே தொடங்கலாம்?

நிரல் எழுதத் தெரிந்த பிறகுதான் பங்களிக்க முடியும் என்பதில்லை. பயன்படுத்தும் பொது நிரலில் வழு ஒன்றைக் கண்டால் நல்ல முறையில் அறிவிக்கலாம். எந்த வடிவத்தைப் பயன்படுத்தினீர்கள், வரிசையாக என்னென்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். படிப்பவர் அதே படிகளைச் செய்து அதே வழுவைக் காண முடிய வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

விளக்கக் குறிப்புகளில் உள்ள பிழைகளைத் திருத்தலாம். தமிழில் மொழிபெயர்க்கலாம். ஃபயர்பாக்ஸ், லிப்ரெஓஃபிஸ் போன்ற பொது மென்பொருள்கள் தமிழில் தோன்றுவது தன்னார்வலர்களின் உழைப்பால்தான். எதைத் தொடுமுன்னும், அந்தத் திட்டத்தில் பங்களிப்போருக்கென எழுதிவைத்துள்ள வழிகாட்டியைத் தேடிப் படியுங்கள். நீங்கள் செய்ய நினைத்ததை வேறொருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பள்ளியிலேயே பழகவும் ஒரு வழி உண்டு. நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறு நிரலை எழுதுங்கள். மதிப்பெண் சராசரி காண்பதாகவோ, ஊசலின் அலைவு நேரம் கணக்கிடுவதாகவோ இருக்கட்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து ஒப்பாமல் சேர்ப்பதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, ஒருவர் எழுதிய பகுதியை மற்றொருவர் அவரிடம் கேட்காமலே திருத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், முகம் தெரியாத ஒருவருக்கு உங்கள் முதல் ஒட்டை அனுப்பும் நாள் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.